நாற்பத்திரண்டாவது நகர்த்தல்

என் தங்கை லமாரா கர்தாவா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். 1961-இல், பன்னிரண்டு வயதில், தேயிலை ஆலை ஓய்வறையில் நடந்த சதுரங்கப் போட்டியில் பதினான்கு ஆண்களைத் தாண்டி முதலிடம். பரிசு ஓர் அலாரக் கடிகாரம். 1964-இல் சுக்திதி வட்டாரப் பெண்கள் போட்டியில் முதலிடம். பரிசு ஓர் இஸ்திரிப் பெட்டி. 1967-இல், நகர்த்தல்களைத் தபாலட்டையில் எழுதி அனுப்பி ஆடும் மேற்கு ஜார்ஜிய அஞ்சல் போட்டியில் இரண்டாமிடம். பரிசு, ஆடுபவருக்கு ஒன்றாக இரண்டு முகம் உள்ள ஆட்டக் கடிகாரம். அது இன்றும் ஓடுகிறது. இடது முகம் மட்டும் நாளுக்கு நான்கு நிமிடம் பிந்தும். 1969-இல் முதல் தரப் பட்டயம். 1971-இல் திபிலிசியிலிருந்து வந்த ஒரு மாஸ்டர் ஒரே நேரத்தில் முப்பது பேரோடு ஆடினார். அவரை வென்றது லமாரா ஒருத்திதான். அவர் தன் சட்டைப் பையிலிருந்த கறுப்புப் பேனாவை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

இதில் எதையும் அவள் தன் கையால் வாங்கவில்லை. பிறந்தபோது அவளுக்கு மூச்சு வரத் தாமதமானது. அதனால் இரண்டு கைகளும் அவள் சொல் கேட்காமல் துள்ளும். விரல்கள் மடங்கியே இருக்கும். கால்களை இழுத்து நடப்பாள். பேச்சும் குழறும், அம்மாவுக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் லேசில் புரியாது. பரிசுகளை வாங்கியது நான். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டதும் நான். ஆட்டம் முடிந்ததும் ஆட்டத் தாளின் அடியில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அங்கேயும் அவள் பெயருக்கு நேரே இருப்பது என் கையெழுத்துதான். 1962 முதல் 1974 வரை 214 ஆட்டங்கள். எல்லாத் தாள்களும் என்னிடம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. 213 தாள்களில் வர்லாம் கர்தாவா என்று என் பெயர் இருக்கிறது.

அவள் 1984 பிப்ரவரியில், முப்பத்தைந்து வயது நிறைவதற்கு முன், நுரையீரல் காய்ச்சலில் இறந்தாள். எனக்கு இப்போது அறுபத்தெட்டு.

இதை எழுதக் காரணம், போன மாதம் எங்கள் ஊர் சதுரங்கக் கிளப்பின் செயலாளர் இர்மா தொலைபேசியில் அழைத்ததுதான். ஓர் அறைக்கு லமாராவின் பெயரை வைக்கப் போகிறார்களாம். சுவரில் படமும், கீழே அவளுடைய முக்கியமான ஆட்டமும் மாட்டுவார்களாம்.

"குதாயிஸில கடைசியா ஆடினாங்கல்ல பெரியப்பா, அந்த ஆட்டம்தான் போடப் போறோம். பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாங்க. நாப்பத்தொரு மூவ் வரைக்கும் ஒரு தப்பு இல்ல. நாப்பத்திரண்டாவதுதான் சொதப்பிட்டாங்க. அப்பவும் ஆட்டம் டிராதான். அதை எதுக்கு விட்டாங்கன்னு யாருக்கும் புரியல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். "எழுதித் தரேன்."

சுவரில் மாட்டுவதற்கு முன் அந்த நாற்பத்திரண்டாவது நகர்த்தலை லமாராவின் பெயரிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது அவளுடையது அல்ல.

எங்கள் வீட்டுச் சதுரங்கப் பெட்டி, அம்மா கல்யாணமாகி வந்தபோது படுக்கை விரிப்புகளோடு கொண்டுவந்தது. கறுப்பு மந்திரி ஒன்று எப்போதோ தொலைந்துபோனது. அதன் இடத்தில் ஒயின் புட்டியின் தக்கை ஒன்று நின்றது. அப்பாவும் மாமாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடுவார்கள். ஒன்பது வயதில் லமாரா சுவரோரம் உட்கார்ந்துகொண்டு "குதிரை, குதிரை" என்று கத்தினாள். விளையாடக் கேட்கிறாள் என்று நினைத்து மாமா குதிரையை எடுத்து அவள் மடியில் போட்டார். அவள் அழுதாள். நான் குதிரையைத் திரும்ப எடுத்து அவள் கண் காட்டிய கட்டத்தில் வைத்தேன். அப்பாவின் ராஜாவும் ராணியும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டார்கள். மாமா வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எழுத்துகளைச் செய்தித்தாளில் வரும் சதுரங்கப் பகுதியைப் பார்த்தே கற்றாள். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு ஆலையில் உலர்த்தும் இயந்திரத்துக்குப் போனவன். வேலை முடிந்து வந்ததும் பத்திரிகையில் வந்த புதிரைப் பலகையில் அடுக்குவேன்.

"காயத் தொடாதண்ணே. நான் பாத்தே சொல்றேன்."

"நகத்திப் பாத்தா சீக்கிரம் தெரியுமே."

"ஆட்டத்துல நகத்திப் பாக்க விடுவாங்களா?"

இரண்டு வருடம் இப்படிப் புதிர்கள் மட்டும். எந்தக் காய் எதை மறைக்கிறது, எதை வெட்டக் கொடுத்தால் எது திறக்கும் என்று கண்ணாலேயே பழகினாள். ஓய்வறையில் ஆண்களை வென்றது அந்தப் பலத்தில்தான். அதற்கு மேல் அது உதவவில்லை. 1962-இல் வட்டாரப் போட்டிக்கு முதல்முறை போனபோது, பொறுமையாக ஆடும் பெண்கள் அவளுக்குப் பொறி வைக்க இடமே கொடுக்காமல் மெல்ல நெருக்கி வென்றார்கள்.

அடுத்ததாக, மாஸ்கோவில் நடந்த ஒரு போட்டியின் ஆட்டத் தொகுப்பு கிடைத்தது. ருஷ்ய மொழி எங்கள் இருவருக்கும் தகராறு. ஆனால் கட்டங்களின் எழுத்தும் எண்ணும் போதுமே. ஓர் அட்டையால் பக்கத்தை மூடிவிட்டு, ஒவ்வொரு நகர்த்தலாகக் கீழே இறக்குவேன். அடுத்தது என்னவாக இருக்கும் என்று அவள் முதலில் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் ஒரு கோடு போடுவேன். 1963-இல் நாற்பதுக்குப் பதினொன்று. 1966-இல் இருபத்திமூன்று. 1970-இல் இருபத்தொன்பது. அதற்கு மேல் ஏறவில்லை. "மிச்சம் பதினொண்ணுல அவங்க ஆடினத விட என்னோடது நல்லாருக்கு," என்பாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். பிற்பாடு பார்த்தால் இரண்டு இடத்தில் அது உண்மை.

மூன்றாவது, அவளுடைய தோல்விகள். வென்ற ஆட்டத்தைத் திரும்ப அடுக்கச் சொல்லவே மாட்டாள். "ஜெயிச்சதுல எதிராளியோட தப்புதான் இருக்கு. தோத்ததுலதான் என்னோடது இருக்கு. அதை எடு." ஒரு சிவப்பு நோட்டில் தோல்விகளை மட்டும் எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் ஒரே வரியில் இருக்கும். "அவசரம்." "யானையைத் தூங்கவிட்டேன்." "ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்." "பசி." மொத்தம் தொண்ணூற்றெட்டு தோல்விகள். தொண்ணூற்றேழுக்குக் காரணம் எழுதியிருக்கிறது. கடைசி ஒன்றுக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கிறது.

போட்டிகளில் அவள் வாயால் சொல்வதை நான் நகர்த்துவேன். அதற்கு விதி இடம் கொடுக்கிறது. ஆனால் ஊர் வாய் இடம் கொடுக்கவில்லை. ஆலையில் உருட்டும் இயந்திரத்தில் இருந்தவர்கள் தினமும் ஆரம்பிப்பார்கள்.

"வர்லாம், நாளைக்கு நீ ஆடுறியா, உன் தங்கச்சி ஆடுதா?"

"உனக்கு எங்க ரெண்டு பேரும் வேணாம். எங்க வீட்டு எருமைய அனுப்புறேன். அதுகிட்டயே நீ தோப்ப."

"பொம்பளப் போட்டியில ஆம்பள மூளைய வெச்சு ஜெயிக்கிறதும் ஒரு ஜெயிப்பாய்யா!"

லமாராவிடம் இதைச் சொன்னால் தோள் குலுங்கச் சிரிப்பாள். "உனக்கு மூளை இருக்குன்னு நாலு பேரு நம்புறாங்களேண்ணே. அனுபவி." ஆனால் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பதில் அவளும் பிடிவாதமாக இருந்தாள். தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையில் எட்டு எழுத்தும் எட்டு எண்ணும் எழுதி ஒரு சிறு பலகை செய்தேன். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று அதில் அவள் தன் கைமுட்டியை ஊன்றிக் காட்டுவாள். எதிராளியும் நடுவரும் பார்த்த பிறகே நான் காயைத் தொடுவேன். அம்மா எங்களை வழியனுப்பும்போதெல்லாம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்: "அவ சொல்றத மட்டும் செய்யி. உன்னோடத எதுவும் சேத்துராத." அம்மா 1970-இல் போய்விட்டாள்.

பன்னிரண்டு வருடம் நான் எதையும் சேர்க்கவில்லை. அவள் தோற்கப் போகிறாள் என்று எனக்கே தெரிந்த நேரங்களில்கூட, அவள் முட்டி ஊன்றிய கட்டத்தில் காயை வைத்தேன். முகத்தைக்கூட மாற்றாமல் இருக்கப் பழகினேன்.

1974 நவம்பரில் குதாயிஸியில் மேற்கு மண்டலப் போட்டி. பன்னிரண்டு பெண்கள், பதினொரு சுற்றுகள். முதல் இரண்டு பேருக்கு திபிலிசியில் நடக்கும் குடியரசு இறுதிப் போட்டியில் இடம். அந்த இறுதிப் போட்டியில் உட்காருவதுதான் லமாராவின் ஆசை. அங்கே ஆடுபவர்களின் பெயர்கள் உலகப் பத்திரிகைகளில் வரும். "ஒரே ஒரு தடவ அந்த மேசையில ஒக்காரணும். அப்புறம் எவனும் நீ ஆடினேன்னு சொல்ல மாட்டான். அங்க உன் ஆட்டத்த வெச்சுக்கிட்டு மூணு ரவுண்டு தாங்க முடியாது," என்றாள்.

கடைசிச் சுற்று வெள்ளிக்கிழமை காலை. எதிராளி எலிசோ என்ற குதாயிஸிப் பெண். இருபத்திரண்டு வயது, தொடக்கப்பள்ளி ஆசிரியை. மற்ற ஆட்டங்கள் அன்று மதியத்துக்குள் முடிந்துவிட்டதால் நிலவரம் தெளிவாக இருந்தது. லமாரா வென்றால் முதலிடத்தில் பங்கு. சமநிலை ஆனாலும் இரண்டாமிடம், திபிலிசி உறுதி. தோற்றால் அந்த இடம் எலிசோவுக்கு.

ஐந்து மணி நேரம் ஆகியும் ஆட்டம் முடியவில்லை. கணினி வந்த பிறகு ஒழிந்துபோன வழக்கம் ஒன்று அப்போது இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். முடியாத ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தொடர்வார்கள். நிறுத்தும்போது யார் முறையோ அவர் தன் அடுத்த நகர்த்தலைப் பலகையில் செய்யாமல் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். அது என்ன என்பது எதிராளிக்குத் தெரியக் கூடாது. உறையை மறுநாள் ஆட்டம் தொடங்கும்போதுதான் பிரிப்பார்கள்.

அந்த முறை லமாராவுடையது. எழுத்துப் பலகை அங்கே உதவாது, எலிசோ பார்த்துவிடுவாள். நடுவர் பர்மேன் யோசித்துவிட்டு எங்களை ஜன்னலோரம் போகச் சொன்னார். லமாரா என் காதில் சொல்வாள், நான் எழுதி ஒட்டுவேன். நாங்கள் ஆடிய 214 ஆட்டங்களில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் பார்க்காத நகர்த்தல் அது ஒன்றுதான்.

பலகையில் இருவருக்கும் ஒவ்வொரு யானை, வலப்பக்கம் மும்மூன்று சிப்பாய்கள். லமாராவுக்கு மட்டும் இடது ஓரத்தில் கூடுதலாக ஒரு சிப்பாய். அது ஆறாம் கட்டத்தில் நின்றது. இன்னும் இரண்டு அடி வைத்தால் ராணியாகிவிடும். அவள் தலையை என் தோளில் சாய்த்து, ராஜாவை ஓர் அடி நகர்த்தச் சொன்னாள்.

நான் தவறாகக் கேட்கவில்லை. தெளிவாகக் கேட்டேன்.

அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கைகள் அடங்கவில்லை. நான்காம் சுற்றில் இதேபோல் ஐந்தாவது மணியில் களைத்துப்போய், கையிலிருந்த ஆட்டத்தைக் கோட்டை விட்டிருந்தாள். இப்போதும் அதுதான் என்று நினைத்தேன். வாசல் வரை வந்த சிப்பாயை விட்டுவிட்டு யாராவது ராஜாவை நகர்த்துவார்களா? பதினைந்து வருடம் அவளோடு அதே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று அந்த ஒரு நிமிடம் நம்பினேன்.

சிப்பாயை ஏழாம் கட்டத்துக்குத் தள்ளுவதாக எழுதினேன். தெளிவான கையெழுத்தில் எழுதினேன். உறையை ஒட்டினேன். ஒட்டிய இடத்தின் குறுக்கே என் பெயரைக் கையெழுத்திட்டுப் பர்மேனிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஓய்வு நாள். காலையில் செவெரியன் எங்கள் விடுதி அறைக்கு வந்தார். அவர் அப்போது எங்கள் ஊர்க் கிளப்பின் செயலாளர். வாயும் வயிறும் பெரியவை. சோளக் களியும் சுல்குனிப் பாலாடைக்கட்டியும் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார். பலகையை அடுக்கினோம்.

"என்னம்மா எழுதி வெச்ச?"

"ராஜா," என்றாள் லமாரா. நான் எடுத்துச் சொன்னேன்.

செவெரியன் பலகைமேல் குனிந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "அடிப்பாவி மகளே! சிப்பாய அங்கயே நிக்க வெச்சிட்டு ராஜாவ நடக்க விடுறியா! நானா இருந்தா தள்ளிட்டு ஒக்காந்திருப்பேன்."

"தள்ளினா டிரா," என்றாள். "ஏழாம் கட்டம்தான் ராஜா ஒதுங்குற எடம். சிப்பாய அங்க வெச்சுட்டா, ராஜா அங்க போனதும் எலிசோ பின்னாலருந்து செக் குடுத்துக்கிட்டே இருப்பா. ஒளிய எடம் இல்ல. ஆறுலயே நின்னா ஏழு எனக்கு வீடு."

முட்டியால் ஒவ்வொரு கட்டமாகக் காட்டினாள். நான் நகர்த்தினேன். பதினாறு நகர்த்தலில் வென்றாள். எலிசோவின் யானையை வேறு இடத்தில் வைத்துச் செவெரியன் முயன்றார். பத்தொன்பதில் வென்றாள். இன்னொரு வழி. அதுவும் வெற்றி.

"தள்ளறவன் அவசரக்காரன்," என்று செவெரியன் களியை விழுங்கிக்கொண்டே சொன்னார். "இந்தப் பொண்ணு இருக்காளே... வர்லாம், நீ ஏன் சாப்பிடல? மூஞ்சி ஏன் மாவு மாதிரி இருக்கு?"

"பசிக்கல," என்றேன்.

"ஆடுறது அவ. பசி போறது உனக்கா!"

லமாரா அன்றைக்குப் போல் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. மதியம் வரை அந்த ஆட்டத்தையே திரும்பத் திரும்ப அடுக்கச் சொன்னாள். இல்லாத ஒரு நிலையிலிருந்து, வராத ஒரு வெற்றியை, என் கையாலேயே ஏழு முறை நகர்த்தினேன். ஒவ்வொரு முறையும் இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் உண்மையில் உறைக்குள் இருக்கும் நிலையையாவது அவள் பார்த்து வைத்திருப்பாள். சொல்லவில்லை. முதல் நாள் செய்தது ஒரு நிமிடத் தப்பு. சனிக்கிழமை செய்தது நாள் முழுக்கச் செய்த தப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேசையில் உட்கார்ந்தோம். பர்மேன் உறையைக் கத்தரித்தார். காகிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, வெள்ளைச் சிப்பாயை எடுத்து ஏழாம் கட்டத்தில் வைத்தார். கடிகாரத்தை அழுத்தினார்.

லமாரா பலகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எலிசோ உடனே பதில் ஆடினாள். லமாரா நாற்பது நிமிடம் அசையாமல் இருந்தாள். வழி தேடுகிறாள் என்று அரங்கில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த நிலையில் தேட ஒன்றுமில்லை. அதை முந்தின நாளே சொல்லிவிட்டாள். தன் உறையில் இருந்தது இது இல்லை என்று அவளால் நடுவரிடம் சொல்லியிருக்க முடியும். சொன்னால் அந்த ஆட்டம் மட்டும் போகாது. அதற்கு முந்தைய 213 ஆட்டங்களும் என்னுடையவை ஆகிவிடும்.

கடைசியில் எலிசோதான் பேசினாள். நல்ல பெண். "அக்கா, இதுல ரெண்டு பேருக்குமே ஒண்ணும் இல்ல. டிரா வெச்சுக்கலாமா?"

லமாரா என் பக்கம் திரும்பினாள். "விட்டுட்டேன்னு சொல்லு."

அவள் சொன்னது அங்கே எனக்கு மட்டும்தான் புரிந்தது. பர்மேன் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க? டிராவுக்கு ஒத்துக்கிறாங்களா?"

நான் தலையை ஆட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம். தலையை ஒரு தரம் ஆட்டினால் லமாரா திபிலிசியில் அந்த மேசையில் உட்காருவாள்.

"அண்ணே," என்றாள். "நான் சொன்னத சொல்லு. இந்த ஒரு தடவயாவது."

"விட்டுட்டா," என்றேன். "தோல்விய ஒத்துக்கிறா."

பின்வரிசையில் நாற்காலி சாய்ந்தது. செவெரியன் எழுந்து நின்று கத்தினார். "பைத்தியமாடா உனக்கு? டிராடா அது! நடுவரே, அவன் தப்பா சொல்றான், அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லிருக்காது!"

பர்மேனுக்கும் நம்பிக்கை வரவில்லை. லமாராவிடமே குனிந்து கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். இரண்டு முறை கை வேறெங்கோ போனது. மூன்றாவது முறை அவள் முட்டி வெள்ளை ராஜாவை இடித்துச் சாய்த்தது.

அன்று பேருந்தில் வரும்போது அவள் சொன்னதை இங்கேயே எழுதிவிடுகிறேன். பேருந்து சம்த்ரெதியா ஊரைத் தாண்டியது. பிறகு சொன்னாள்: "நீ எழுதினது அவ்ளோ மோசம் இல்லண்ணே. பாதிப் பேரு அதத்தான் எழுதிருப்பாங்க. ஆனா என்னோடது இல்ல."

"இடம் கெடச்சிருக்குமே லமாரா. திபிலிசி..."

"யாருக்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "இத்தன வருஷம் அவங்க பேசினதுக்கெல்லாம் சிரிச்சிட்டு இருந்தேன். இனிமே எப்படிச் சிரிக்கறது?" என்றாள். அதன் பிறகு ஒன்பது வருடம் என்னோடு இருந்தாள். அந்த ஆட்டத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை. யாரிடமும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மேசையில் உட்கார்ந்து ஆடுவதை நிறுத்திவிட்டு அஞ்சல் ஆட்டம் மட்டும் ஆடினாள். அட்டையை முன்போலவே நான்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்வாள். எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் தபால் பெட்டியில் போட விடுவாள். முன்பெல்லாம் அப்படிப் பார்த்ததில்லை.

இனி அந்தத் தாள்.

பர்மேன் முடிவை எழுதிவிட்டுத் தாளை எங்கள் பக்கம் நகர்த்தினார். எலிசோ தன் பெயரைப் போட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன; தான் எப்படி வென்றோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் வழக்கம்போல் மாஸ்டர் கொடுத்த கறுப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

"குடு," என்றாள் லமாரா.

"எதை?"

"பேனாவ. என் கையில வை."

அவளால் முடியாது என்று பர்மேனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அது நின்றது. மடங்கிய விரல்களைப் பிரித்துப் பேனாவை உள்ளே செருகினேன். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மார்பை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்துக் குனிந்தாள். தாள் நழுவியது. நான் பிடிக்கப் போனேன். "நீ வேணாம்," என்றாள். எலிசோவுக்கு அந்த வார்த்தைகள் புரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவள்தான் தன் உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

எங்கள் ஜார்ஜிய எழுத்தில் லமாரா என்பதற்கு ஆறு எழுத்துகள். அதில் மூன்று ஒரே எழுத்து. முதலாவது கட்டத்தை மீறி என் கையெழுத்து வழக்கமாக இருக்கும் இடத்துக்கு மேலே போனது. மூன்றாவதில் நிப்பு தாளைக் கிழித்தது. ஐந்தாவது பாதியில் கை துள்ளி மேசைவிரிப்பில் ஒரு கோடு விழுந்தது. திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்தே முடித்தாள். பதினொரு நிமிடம் ஆனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பெயருக்குக் கீழே தேதிக்கான இடம். அதையும் அவள் என்னிடம் விடவில்லை. எண்களையும் அவளே போட்டாள், இன்னும் நான்கு நிமிடம் ஆனது. தாள் என் எதிரே இருக்கிறது. 1974, நவம்பர் 17.